பட்டு ஊரில் கரித்துணிக் கடை

பட்டு விற்கிற ஊரில் கரித்துணி விற்பது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிற தொழில். கடை வைத்து நொந்தவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, தட்டு துடைக்க, மேடை துடைக்க என்று பருத்தித் துணிகளை அடுக்கி உட்கார்ந்தேன். அந்த அறையில் இன்னொரு தறி போட என் வீட்டுக்காரருக்கு ஆசை. கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார்: "தீபாவளி வரைக்கும் பாக்குறேன். பழசு தேஞ்சுபோச்சுன்னு யாராச்சும் ஒருத்தர் ரெண்டாவது துணி வாங்க வரட்டும், ரூம் உன்னுது. இல்லாட்டி தறிதான்."

முந்தி

தென்னேரியிலிருந்து கல்யாணப் பட்டெடுக்க வந்த ஓர் அம்மா, போகிற வழியில் என் கடைக்குள் நுழைந்தார். முழ நீளத் துணியை மடியில் விரித்தார், ஓரத்தைத் தடவினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ரசம் குண்டான் இறக்குற துணிம்மா" என்றேன். "அது தெரியுதுமா. முந்தி எந்தப் பக்கம்?"

கஞ்சி

வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வறள ஒரே பாட்டுதான் பாடுவேன்: முதலில் ஒரு தரம் வெந்நீரில் அலசுங்கள், கஞ்சி மட்டும் போடாதீர்கள், போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. எதிர்வீட்டுக்காரருக்குத் தறிக்குப் போகிற பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவதுதான் வேலை. வாங்கிப்போன மறுநாளே, அப்பளம் மாதிரி விறைத்த துணியோடு சண்டைக்கு வந்தார். தண்ணீர் மேலேயே வழுக்கிக்கினு போவுதாம். கஞ்சி போட்டீங்களா என்றேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கஞ்சி போடாத துணியை எப்படிம்மா வீட்ல வெச்சுக்கிறது?"

பீரோ

ஐப்பசி பிறந்தது. செவிலிமேட்டிலிருந்து முன்பு ஒரு துணி வாங்கிய பெண் மறுபடி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாச்சு! தறியில் இருந்தவரைக் கத்திக் கூப்பிட்டு சாட்சிக்கு நிற்க வைத்தேன். அவள் வெட்கத்தோடு கேட்டாள்: "அக்கா, அவ்ளோ அழகா இருக்குதுன்னு பீரோவுலயே வெச்சிருக்கேன். பட்டுப்புடவைக்கு மாதிரி இதுக்கும் மடிப்பு மாத்தணுமா?"

பனியன்

நடுவில் ஒன்றை மறைத்துவிட்டேன். ஆடி மாதம் ஒருநாள், பனியனைக் காணோம் என்று தேடிக்கொண்டே என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்தார். நான் அதை மடித்துப் பிடித்துப் பால் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, விற்கிற புதுத் துணியைக் கரியாக்க எனக்கே மனசு வரவில்லை. அவர் விடுவிடுவென்று கடைக்குள் போய், காசு வைத்து ஒரு துணியை எடுத்து வந்து என் கையில் திணித்தார். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறியே, நீ மொதல்ல இதுல புடி!"

பிடித்தேன். தீபாவளிக்கு முதல் நாள் அதிரசச் சட்டியை இறக்கும்போது அது நடுவில் கிழிந்தது. என் கண் அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். கொடியில் காய்ந்த பனியனை உருவிக்கொண்டு கடைக்கு ஓடி, காசை எடுத்து நீட்டியபடி என்னைக் கத்திக் கூப்பிட்டார். "அந்தத் துணி கிழிஞ்சுபோச்சு, சீக்கிரம் இன்னொண்ணு குடு!" சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பட்டுக்குப் பேர்போன ஊரில் என் கரித்துணிக் கடையைக் காப்பாற்றியது, ஒரு மனிதன் தன் பனியன் மேல் வைத்திருந்த பாசம்.