பஞ்சுக்கு வந்த நீலப் புள்ளி

பெரியம்மா வீட்டுப் பூனைக்கு ஒரு துணை வேண்டும் என்று கிளம்பிய பேச்சுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெரியம்மா துடியலூரில் இருந்தார். அவருடைய பூனை வெள்ளை நிறம், நீள முடி. பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கியது. எலியைக் கண்டால் அதுதான் முதலில் ஓடும். பிள்ளைகள் வெளியூரில் குடியேறிவிட்ட பிறகு அந்தப் பூனைக்கு ஏக்கம் பிடித்துவிட்டது என்று பெரியம்மா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏக்கம் உண்மையில் யாருக்கு என்பது அம்மாவுக்குத் தெரியும். "நம்ம குடோன்ல ஒரு குட்டி இருக்குதுங்கக்கா, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். நூல் இருந்தால் எலி வரும். அதனால் பூனை வைத்திருந்தோம். அவற்றை யாரும் செல்லம் கொஞ்சியதில்லை. அப்பாவைப் பொறுத்தவரை பூனையும் ஒரு வேலையாள்தான், என்ன, வாரச் சம்பளம் கேட்காது. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பூனை பல வருடங்களாக அங்கே உத்தியோகம் பார்த்துவந்தது. ஊர்ப் பூனைகளோடு போட்ட சண்டைகளில் அதன் ஒரு காது கிழிந்து தொங்கும். அந்த முறை அது நூல் கழிவு மூட்டைக்குள் குட்டி போட்டிருந்தது. மற்ற குட்டிகளைத் தறி ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்விட, மிச்சம் இருந்தது ஒன்று. பஞ்சு என்று அதற்கு நான்தான் பெயர் வைத்தேன். நான்காம் வகுப்புப் படித்த எனக்கு அது துடியலூர் போவதில் துளியும் இஷ்டமில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

பெரியம்மா வீட்டு மாடியில் குடியிருந்தவர் கால்நடை டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். மாட்டுக்கு ஊசி போடுகிற டாக்டரைத்தான் எங்களுக்குத் தெரியும். பூனையின் நாக்கைப் பார்க்கிற டாக்டரை அப்போதுதான் பார்த்தோம். புதுக் குட்டியை உள்ளே சேர்ப்பதற்கு முன் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் பெரியம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். டாக்டர் பஞ்சுவின் காலில் துளி ரத்தம் எடுத்து, கையகலம் இருந்த ஒரு பிளாஸ்டிக் சோதனைத் தட்டில் விட்டார். வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த தட்டுகளில் இரண்டுதான் மிச்சம் என்றும், அதில் ஒன்று இது என்றும் சொன்னார். பெரியம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். தட்டில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. தெரிந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது, அவ்வளவு மங்கல்.

டாக்டர் மெதுவாக விளக்கினார். பூனைகளுக்கு மட்டும் வருகிற ஒரு கிருமி இருக்கிறதாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். அது குட்டிக்கு இருக்கலாம். அல்லது தாயின் உடம்பிலிருந்து வந்த ஏதோ ஒன்று குட்டியின் ரத்தத்தில் தங்கியிருந்து புள்ளியைக் காட்டலாம். எது என்று இப்போது சொல்ல முடியாது. குட்டிக்கு ஆறு மாதம் தாண்டிய பிறகு திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. நூல் வியாபாரி ஒரு விலை சொல்ல வேண்டும், டாக்டர் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. "ஏனுங்க டாக்டரு, இருக்குதுங்களா இல்லீங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"இருக்கலாமுங்க. இல்லாமயும் இருக்கலாமுங்க."

"இதச் சொல்லறதுக்கா ரத்தம் எடுத்தீங்க?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மனிதர்களுக்கு அது ஒட்டவே ஒட்டாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியம்மா கண் கலங்கி, வெறுங்கையோடு கார் ஏறினார். கிளம்பும்போது டாக்டர் அம்மாவை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு வெகுநேரம் ஏதோ சொன்னார். தீனி விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று ஒரே குழப்பம். பஞ்சு எங்களோடு இருக்கப்போகிறது என்று சந்தோஷப்படுவதா, அதற்குச் சீக்கு என்று அழுவதா என்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து பஞ்சு சமையலறைக்குப் பக்கத்து அறையில் அடைபட்டது. பெரிய பூனை குடோனில். தனித்தனித் தட்டு, தனித்தனிச் சாக்கு. குட்டியைத் தொட்ட கையோடு அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்தப் பக்கம் தொட்டால் இந்தப் பக்கம் வரக் கூடாது. குட்டியின் சீக்கு தாய்க்கு ஒட்டிவிடாமல் அம்மா காப்பாற்றுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன். ராத்திரியானால் பஞ்சு கதவைப் பிறாண்டும். குடோன் பக்கமிருந்து பெரிய பூனை பதிலுக்குக் கத்தும். கேட்கச் சகிக்காது.

குடோனிலும் பேச்சு கிளம்பிவிட்டது. சீக்குப் பூனை இருக்கிற இடத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று இரண்டு பேர் அப்பாவிடம் வந்து நின்றார்கள். டாக்டர் சொன்னதை அப்பா அப்படியே ஒப்பித்தார், ஆனால் அவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. பஞ்சுவைச் சாக்கில் போட்டுச் சந்தைக்கு அப்பால் விட்டுவிடலாம் என்றார். நான் சோறு தின்ன மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அப்பா எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் கடைசியில் செய்தார். அம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனார்.

கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் பூக் கேட்பார்கள். பூனைக்காக யாரும் கேட்டதில்லை. ஆனால் பூசாரி சிரிக்கவில்லை. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் வைத்துப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் வைத்துக்கொள்வது, சிவப்பு வந்தால் சாக்கு. பொட்டலம் எடுக்கக் குழந்தைதான் வேண்டும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அப்பாவின் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரிடம் கிடைக்காத ஒற்றைப் பதில் அம்மனிடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அறைக் கதவைத் திறந்துவிட்டார். பஞ்சு வாசலைத் தாண்டி குடோனுக்குள் பாய்ந்து, பெரிய பூனையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதுவும் குட்டியைக் காலால் அணைத்து நக்கத் தொடங்கியது. நான் கைதட்டினேன். மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்த அம்மா, குட்டியைப் பிய்த்து எடுத்தார். பிய்த்துத்தான் எடுத்தார். இரண்டும் கத்தின.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா, உனக்கென்ன புள்ள?" என்றார் அப்பா.

"வெச்சுக்கச் சொன்னாளுங்க. சீக்கில்லைன்னா சொன்னா? நாம அதக் கேக்கவே இல்லீங்களே."

அப்பா தறியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. சாமிக்கும் மேலே இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அதைச் சட்டை செய்யாமல், இரண்டு தட்டையும் தனித்தனியாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்து டாக்டர் கடைசிச் சோதனைத் தட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு வந்தார். அதற்குள் பஞ்சு நன்றாக வளர்ந்து, பிடிக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. துளி விட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். எவ்வளவு நேரம் பார்த்தும் புள்ளி வரவில்லை.

"குட்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் டாக்டர். "அன்னைக்குத் தெரிஞ்சது தாயோடதுங்க. இப்பக் கரைஞ்சு போயிருச்சு."

பெரியம்மா அழுதேவிட்டார். அப்பா, பூ அப்போதே சொன்னதுதானே என்பதுபோல் எல்லோரையும் பார்த்தார். நான் குதித்துக்கொண்டே, "இனிப் பெரிய பூனைக்குப் பயமில்லைங்கம்மா, ரெண்டையும் ஒண்ணா உட்றலாங்களா?" என்று கேட்டேன். டாக்டரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாங் கண்ணு. பஞ்சு பெரீம்மாகூடப் போகட்டும்" என்றார் அம்மா.

கார் போன பிறகு அம்மா மீன் துண்டோடு குடோனுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெரிய பூனை சாக்கை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அதன் வாயில் புண். எலி பிடிப்பதும் இல்லை. வயதாகிவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா மறுத்துச் சொன்னதில்லை. அன்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் சொன்னதை அவர் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. மீனை முள் எடுத்துப் பிசைந்து விரலில் வைத்து ஊட்டினார். அது மெதுவாக நக்கியது. அம்மா அந்தக் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே, "உம்புள்ளைக்கு ஒண்ணுமில்லையாமா" என்றார். நல்ல செய்தியைச் சொல்கிறவர் குரல் ஏன் அப்படித் தழுதழுக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.