நாற்பத்தெட்டுப் பேர் கொழும்புக்கு

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் நல்லமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயது. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் வேலை வாங்குவது அவருடைய தொழில். வருஷத்துக்கு ஒருமுறை அதே பெண்களையும் அவர்கள் வீட்டுக்காரர்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது அவருக்குப் பிடித்த பைத்தியம். கதிர்காமம், திருகோணமலை, முன்னேஸ்வரம் என்று பதினோரு ட்ரிப் போய் வந்துவிட்டார். ஓர் ஆளைக்கூட எங்கேயும் தொலைத்ததில்லை. இதைச் சொல்லும்போது அவர் மீசை தானாக ஓர் அங்குலம் உயரும்.

தொலைக்காததற்குக் காரணம் அவருடைய பெரட்டு. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் நிற்க வைத்து ஆள் எடுப்பார்களே, அதுதான் பெரட்டு. ட்ரிப்பிலும் மனிதர் அதை விடமாட்டார். கோயிலில் இறங்கினால் ஒரு பெரட்டு, ஏறினால் ஒரு பெரட்டு. வழியில் கித்துல்கலை ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர்களையும் நிற்க வைத்துப் பெயர் வாசிப்பார். "குளிச்சிட்டு ஈரத் துணியோட நிக்கிறோம் கங்காணி, உள்ள ஏறியாச்சும் ஆஜர் சொல்றோமே" என்று பெண்கள் கெஞ்சினாலும் நோட்டுப் புத்தகத்தை மூடமாட்டார்.

அப்படிப்பட்டவர்தான் தோட்டத்தில் ஒரு விஷயத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் பெயரில் மாமியாரோ நாத்தனாரோ கூடையைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு ஒதுக்கிய செடி வரிசையில், அதாவது அவள் நிரையில் நின்று கொழுந்து எடுப்பாள். சாயந்தரம் நிறுத்துப் பார்த்து, போதிய கொழுந்து இருந்தால் வராதவளுக்கு 'முழுப் பேரு' விழும். குறைந்தால் 'அரைப் பேரு'. ஒருநாள் வேலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நிரை காலியாக இல்லை, கொழுந்து பறிக்காமல் நிற்கவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. இருபது வருஷமாக நல்லமுத்து இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. அந்த நல்ல மனசுதான் இந்த வருஷம் அவர் காலை வாரிவிட்டது.

இந்த வருஷ ட்ரிப் கொழும்புக்கு. தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல் என்று எல்லாரும் ஆளுக்கொன்று கேட்டார்கள். "எல்லாம் போவோம். ஆனா மொதல்ல பார்லிமென்ட்" என்றார் நல்லமுத்து. கூட்டமாகப் போய்ப் பார்வையாளர் கலரியில் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தெட்டுப் பேரின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் எழுதி, கீழே பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அனுமதிக் கடிதம் வந்தபோது அதை மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தார்.

"அங்க என்ன சிங்கமா இருக்கு பாக்க?" என்று கேட்டாள் அவர் மனைவி சண்முகவடிவு.

காரணம் அவளுக்கே தெரியும். அவருடைய அப்பா சின்னராசா இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, எந்த நாட்டு ஆள் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செத்துப்போனார். அவர் போய் நாலு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து மூன்றில்தான் தோட்டத்துத் தமிழருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. அப்போது நல்லமுத்துவுக்கு வயது முப்பத்து மூன்று. அந்த வயதில்தான் அவர் ஒரு நாட்டுக்குப் பிரஜை ஆனார். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கிய மண்டபத்தை ஒரே ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகவே ஹட்டனில் ஒரு கறுப்புக் கோட்டு தைத்திருந்தார்.

புறப்படுகிற நேரத்தில்தான் ராசம்மா வந்தாள். வயது அறுபதைத் தொடப்போகிறது, தோட்டத்தில் பெயர் வெட்டி ஓய்வு கொடுத்து மூன்று வருஷமாகிறது. பட்டியலில் இருந்தவள் அவளுடைய மருமகள் நிஷாந்தி.

"அவளுக்குக் காச்சலு தம்பி. நான் அவ பேருக்கு வந்துட்டேன். இந்தா, அவ கார்டும் கொண்டாந்திருக்கேன்."

நல்லமுத்து ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். ஆனால் நாற்பத்தெட்டு இருக்கையில் ஒன்று காலியாகப் போவதற்கு அவர் மனசு ஒப்பவில்லை. "ஏறுங்கக்கா" என்றார். நோட்டுப் புத்தகத்தில் நிஷாந்தி என்று வாசித்தார், ராசம்மா ஆஜர் என்றாள். அவருக்கு நிறைவாக இருந்தது.

கொழும்பு நெருங்க நெருங்க அவருடைய கெடுபிடியையே விழுங்குகிற கெடுபிடி தொடங்கியது. ஒரு வீதியில் பஸ்ஸை நிறுத்த விடவில்லை. இன்னொரு வீதியில் டிரைவர் வேகத்தைக் குறைத்ததுமே ஒருவன் விசில் ஊதினான். ஓரிடத்தில் இறங்கிச் சுவர் ஓரம் நின்று படம் எடுக்கப் போன, கூட வந்த ஜெயகாந்தனை ஒரு சிப்பாய் கையை ஆட்டி விரட்டினான். "நம்ம கங்காணிக்கு ஏத்த ஊருதான்" என்று பின் இருக்கையில் யாரோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. நல்லமுத்துவும் சிரித்தார். அவருக்கு அந்த ஒழுங்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

பாராளுமன்ற வாசலில் கைபேசிகளையும் பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு வரிசை. ஒரு பெண் பொலிஸ் பட்டியலை வைத்துக்கொண்டு அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். நல்லமுத்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்தபடி, எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆளாக நின்றார். அவருக்கு முன்னால் ராசம்மா.

பெண் பொலிஸ் அட்டையைப் பார்த்தாள். ராசம்மாவைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். படத்தைக் காட்டி, இது யார் என்று சிங்களத்தில் கேட்டாள்.

ராசம்மாவுக்கு ஒளிக்க எதுவுமே இல்லை. முகமெல்லாம் மலர, "அதுவா? என் மருமக, நிஷாந்தி. நல்ல புள்ள" என்றாள்.

நல்லமுத்து முன்னால் பாய்ந்து, தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி விளக்கினார். மருமகளுக்குக் காய்ச்சல், அவள் பெயருக்கு மாமியார் வந்திருக்கிறாள், எங்கள் தோட்டத்தில் இது வழக்கம். சொல்லச் சொல்ல அவருக்கே காதில் விழுந்தது, எவ்வளவு பெரிய மடத்தனம் என்று. பெண் பொலிஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அட்டையோடு போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள்.

அதிகாரி கத்தவில்லை. பொறுமையாகவே சொன்னார். பட்டியலில் இல்லாத ஆள் உள்ளே போக முடியாது. இன்னொருவர் அட்டையைக் கொண்டு வந்ததற்கு விளக்கம் எழுதித் தரவேண்டும், பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்தான் தரவேண்டும். மற்றவர்கள் இப்போதே போகலாம். நேரம் நாற்பது நிமிடம், அதற்குப் பிறகு வேறு கூட்டம்.

"தம்பி, நான் இந்த மரத்தடியில ஒக்காந்திருக்கேன். நீங்க போங்க. வந்து எழுதிக் குடுங்க" என்றாள் ராசம்மா.

நல்லமுத்து உள்ளே பார்த்தார். பாதை வளைந்து ஏரிக்கு நடுவே போனது, கடைசியில் அந்த மண்டபத்தின் கூரைகள் தெரிந்தன. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஓர் அடி முன்னால் வைத்தார். பிறகு ராசம்மாவைப் பார்த்தார். சொந்த அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, மருமகள் அட்டையையும் பறிகொடுத்துவிட்டு, சிங்களமும் தெரியாமல் இந்த ஊரில் நிற்கிறாள். அவளை ஏற்றியது யார்? அவர்தானே.

வாசலுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்ற சண்முகவடிவைக் கூப்பிட்டார். கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"கடுதாசி உள் பையில இருக்கு. நோட்டும் இருக்கு. எண்ணிக் கூட்டிட்டுப் போ, எண்ணிக் கூட்டிட்டு வா."

"நீங்க?"

"நான் எப்படி வர்றது? போ, நேரம் போகுது."

சண்முகவடிவு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

விளக்கம் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். 'தவறு முழுவதும் என்னுடையது' என்று முடித்தார். மிச்ச அரை மணி நேரமும் மரத்தடியில் ராசம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் கோபமாகத்தான் இருந்தார். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பொய் சொல்லியிருக்கணுமா தம்பி? எனக்குத் தோணவே இல்ல."

"நீங்க சரியாத்தாங்க்கா சொன்னீங்க."

"ஒங்க அப்பாகூட நானும் வேல செஞ்சிருக்கேன். கடைசி வருசம் கத்தி பிடிக்க முடியாமப் போச்சு அவருக்கு. நெரையில அவரு பேருக்கு மத்தவங்க வெட்டிக் குடுத்தாங்க. ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ."

நல்லமுத்துவுக்குத் தெரியாது. அப்போது அவர் ஹட்டனில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடைசிவரை முழுப் பேரு வாங்கியதாகத்தான் இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். அவருக்குக் கண் கரித்தது. துடைத்துக்கொள்ளக் கோட்டுப் பையில் இருந்த கைக்குட்டையைத் தேடினார். கோட்டே இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். சண்முகவடிவு வாசலிலேயே நிறுத்தி எண்ணினாள். நாற்பத்தாறு பேரும் இருந்தார்கள். நிஷாந்தியின் அட்டையைத் திருப்பித் தந்து, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று அனுப்பி வைத்தார் அதிகாரி.

பஸ்ஸில் ஏறியதும் நல்லமுத்து கேட்டார். "எப்படி இருந்திச்சு?"

"குளுரு. நம்ம ஊரு குளுரு. செவப்புக் கம்பளம், பெரிய நாக்காலிங்க" என்றாள் சண்முகவடிவு. "ரெண்டாவது வரிசையில ஓரத்துச் சீட்டு ஒங்களுக்கு. எனக்குப் பக்கத்துல."

"எனக்கா?"

"கோட்ட விரிச்சு உக்கார வச்சிட்டேன். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அதிகாரி மாத்தயா வந்து, இது யாரு சீட்டுன்னு கேட்டாரு. எங்க கங்காணி, வெளிய நிக்கிறாரு, அவரு பேருக்கு இருக்குன்னேன். என்ன ஏதுன்னு கேக்கல, பேசாமப் போயிட்டாரு. கடைசிவர யாரும் எடுக்கச் சொல்லல."

நல்லமுத்து நோட்டை வாங்கி வழக்கம்போல் பெரட்டு எடுத்தார். நிஷாந்தி என்ற பெயரை அடித்துவிட்டு ராசம்மா என்று எழுதி வாசித்தார். ராசம்மா மெதுவாக ஆஜர் சொன்னாள். நாற்பத்தேழு பெயரும் முடிந்து நோட்டை மூடப் போனார். வாசிக்கிறவர் தன் பெயரை வாசிப்பதில்லை.

"நல்லமுத்து!" என்று சண்முகவடிவு கூப்பிட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"முழுப் பேரு!" என்று பஸ்ஸே கத்தியது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கோட்டை வாங்கி மாட்டினார். துணிக்குள் அந்த மண்டபத்தின் குளிர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்துப் போன காலிமுகத்திடலில் வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினார்கள்.

"வேர்க்குதே, அந்தக் கோட்டக் கழட்டுங்களேன்" என்றாள் சண்முகவடிவு.

"இருக்கட்டும்" என்றார் நல்லமுத்து.