அக்காவின் நீலத் திரை

எங்கள் பரோட்டாக் கடையில் கல்லுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு நீலத் திரைச்சீலை தொங்குகிறது. துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டாலும் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கு மேலே அக்கா வைத்திருந்த சிகிச்சை அறையில் தொங்கிய சீலை அது. அக்கா என்றால் சொந்தமில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். வலிக்கிற உடம்பைக் கையால் மெதுவாகத் தொட்டுத் தளர்த்துவது அவர் தொழில்.

ஒரு வருடம் என் வலது தோள் இறுகிப்போனது. கொண்டை போடக்கூடக் கை மேலே போகவில்லை, அப்புறம் மாவை எங்கே வீசுவது? கடை ஆரம்பித்த நாளிலிருந்து பரோட்டா போடுவது நான், கல்லாவில் உட்காருவது என் வீட்டுக்காரர். "வேற மாஸ்டர் ஒருத்தர போட்டுக்கலாம், நீ கல்லாவுல குந்திக்க" என்று அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். திண்டிவனத்து மாஸ்டர் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார். ஆனால் என் கல்லை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சில்லறை எடுத்துக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அக்காவிடம் போனேன். தைலம் போட்டு அழுத்துவார், நெட்டி எடுப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். அவரோ முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் ஓரிரு இடத்தில் லேசாக உருட்டிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அப்புறம் சத்தமே இல்லை. இவ்வளவுதானா என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நீ பாட்டுக்கு எழுந்து வந்துட்டியேம்மா. இப்பதான ஆரம்பிச்சேன்."

"நீங்கதான் போயிட்டீங்களேக்கா."

"தொட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா வுடணும். ஒடம்பு தானா எளகும். அப்பறமா வந்துதான் அடுத்த எடத்தத் தொடுவேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு ஊறவிடாமல் இழுத்தால் கிழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? அவரோடு திரும்பிப் போனேன்.

அதன்பிறகு, திரைக்கு இந்தப் பக்கம் அசையாமல் கிடக்கும் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பேன். கீழே பஸ் ஹாரனும் கண்டக்டர் கூவும் ஊர்ப் பெயர்களும் கேட்கும். தோளுக்குள் வெதுவெதுவென்று ஏதோ இளகும். ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன், இரண்டு கையும் பின்னால் போய்க் கொண்டை போட்டுவிட்டன. ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் தலையைத் திருப்பிக் காட்டினேன்.

"இன்னா, பூ வேணுமா?" என்றார்.

"அந்த மாஸ்டருக்கு போன் பண்ணி, வரவேணாம்னு சொல்லிடுங்க."

அவர் போனும் செய்தார், பூவும் வாங்கி வந்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அக்கா புதுச்சேரிக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது கொடுத்ததுதான் இந்தச் சீலை. போன வாரம் கடைக்கு வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் அப்போதுதான் உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மூடி வைத்துவிட்டு அவரிடம் வந்திருந்தேன். அவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"மாவுதான் ரெடியா இருக்குதே, போட்டுக் குடுத்துடேம்மா."

"தொட்டாச்சுக்கா. கொஞ்ச நேரம் சும்மா வுடணும்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன்.

அந்தப் பக்கம் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து ஓய்ந்து, தண்ணீர் குடித்து, வீட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் மாவு பதத்துக்கு வந்திருந்தது. ஓர் உருண்டையைத் தட்டி எடுத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசினேன்.