கனகலிங்கத்தின் வாக்குமூலம்

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்திறங்கியபோது, அருந்ததியின் சட்டப் படிப்பு கொழும்பில் பாதியில் நின்றுபோயிருந்தது. புத்தகங்களெல்லாம் வாடகை அறையோடு எரிந்துவிட்டன. கொக்குவில் வீட்டில் இரண்டு வருடம் எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தாள்.

அவளைப்போல் படிப்புக் குழம்பி வந்த நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு பயிற்சி தொடங்கினார் சட்டத்தரணி சோமசேகரம். காணி, தண்ணீர், கடல் பற்றிய சட்டத்தை அந்தந்த இடத்துக்கே போய்ப் படிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒருவனைக் கடற்கரைக்கு அனுப்பினார். அருந்ததிக்கு ஏழாலையில், பக்கத்துத் தோட்டக்காரர் நாள்முறை வைத்து இறைக்கும் ஒரு பங்குக் கிணறு. படம் வரைய வேண்டும், நீர்மட்டம் அளக்க வேண்டும், பங்காளிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும்.

எண்பத்தைந்து சித்திரையில் சைக்கிளில் போய் இறங்கினாள். அந்தக் கிணற்றுக்குப் பங்காளிகள் இரண்டு பேர். கனகலிங்கத்துக்குச் சொந்தமாகத் தண்ணீர் இறைக்கும் மிசின் இருந்தது. கணவனை இழந்த பூரணம், தன் முறை நாட்களான செவ்வாயும் வெள்ளியும் வாடகை மிசின் பிடித்து வெங்காயத்துக்கு இறைப்பவள்.

"இது வழக்கில்லைத்தானே, பிள்ளை?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"இல்லை அண்ணை. நாங்கள் பழகிறதுக்கு."

அந்தச் சொல்லை நம்பி மனிதர் மனம்விட்டுக் கதைத்தார். பூரணத்தின் முறை நாட்களில் விடிய முன்னம் தான் இறைத்துவிடுவதையும், அவள் மிசினோடு வரும்போது அடியில் சேறுதான் மிஞ்சும் என்பதையும் மறைக்கவில்லை. "பிழைதான். ஆனால் என்ரை தோட்டத் தறை பெரிசு. நான் என்ன செய்யிறது?" என்றார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்தும் வைத்தார்.

பூரணமும் சொன்னாள், அருந்ததி எழுதினாள். எழுதி முடிந்ததும் பூரணம் கையெழுத்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அஞ்சு வருசமாச் சொல்லுறன், ஒருதரும் காதிலை விழுத்தேல்லை. எப்ப கோட்டிலை வந்து சாட்சி சொல்லவேணும்?"

 கனகலிங்கத்திடம் சொன்னதை அருந்ததி முதலிலேயே அவளுக்கும் விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, இது வழக்கில்லை. பயிற்சிக்கு எழுதினது."

 பூரணம் கையை நீட்டினாள். "அப்ப என்ரை கையெழுத்தைத் திருப்பித் தா."

அந்தத் தாளை அவளிடமே கொடுத்துவிட்டு அருந்ததி நேரே சோமசேகரத்திடம் போனாள். இதை உண்மையான வழக்காகப் போடவேண்டும் என்றாள். கனகலிங்கத்தின் வாக்குமூலத்தை வாசித்த அவருக்கு முகம் மலர்ந்தது.

"இது ஒண்டே காணும், வேறை சாட்சி வேண்டாம். எதிராளியே ஒப்புக்கொண்டு கையெழுத்து வைச்சிருக்கிறான்."

"வழக்கில்லை எண்டு சொல்லித்தான் வாங்கினனான், சேர்."

"அது நீ சொன்னது. தாளிலை அப்பிடி இல்லையே."

"நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப வேறை சாட்சி நீயே தேடு."

மறுநாள் அவள் கனகலிங்கத்திடம் தாளை நீட்டினாள். "இது உங்கடை, அண்ணை. இனி நான் வந்து அளக்கிறது வழக்குக்கு."

அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். 

ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் விடியற்புறம் அவள் கிணற்றடியில் நின்றாள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீரின் ஆழத்தைக் கொப்பியில் குறித்தாள். அவள் நிற்பது தெரிந்து கனகலிங்கத்தின் மிசின் அந்த நாட்களில் வரவேயில்லை. ஆடி வரைக்கும் கொப்பியில் ஏறியதெல்லாம் கிணறு நிறைந்திருந்த கணக்குத்தான். அதை வைத்து என்ன வழக்குப் போடுவது? ஆனால் பூரணத்தின் பாத்திகள் பசேலென்று நின்றன. அந்தப் போகம் வெங்காயம் திரண்டு விளைந்தது. பூரணம் ஒரு பிடி கட்டி அவளுடைய சைக்கிள் கரியரில் வைத்தாள். அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டாள் அருந்ததி.

அடுத்த வருடம் விட்டுப்போன சட்டச் சோதனையை எழுத அருந்ததி கொழும்புக்குப் போனாள். போன இடத்தில் பாதை அடைபட்டு, சண்டை மூண்டு, திரும்பி வரும்போது எண்பத்தெட்டு பிறந்துவிட்டது. ஏழாலைக்கு ஓடினாள். பூரணம் கனகலிங்கத்தின் தறையில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் காணிக்கும் இடையில் வரம்பு இருந்த இடம் தெரியவில்லை.

"காணியை அவருக்கே எழுதிக் குடுத்திட்டன், பிள்ளை. நீ போனபிறகு பழையபடி அவர் முந்தி இறைச்சிடுவார். தண்ணி இல்லாமல் அதை வைச்சு என்ன செய்ய?"

"அவர் கையெழுத்து வைச்ச தாளை நான் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது, அக்கா."

பூரணம் மண் அப்பிய கையோடு நிமிர்ந்தாள். "குடுத்தது சரி. என்னட்டையும் அண்டைக்கு முதலே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு நொந்தது."

அருந்ததி சட்டத்தரணியாகிக் கொஞ்ச நாளில், தொண்ணூறில், மறுபடி சண்டை மூண்டு யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் நடக்காமல் நின்றுபோயின. கறுப்புக் கோட்டு அலுமாரியில் தொங்கியது. அவள் சும்மா இருக்கவில்லை. கரவெட்டி, கொடிகாமம் என்று ஊரூராகச் சைக்கிளில் போய், பங்குக் கிணற்றுக்காரரை ஒன்றாக இருத்தி, இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் என்று உடன்படிக்கை எழுதினாள். எதற்காக எழுதுகிறாள், மீறினால் அதை எங்கே காட்ட முடியும், எங்கே முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவாள். கேட்டுவிட்டுச் சிலர் எழும்பிப் போனார்கள். இருந்தவர்களுடைய உடன்படிக்கைகள் அறுபதுக்கு மேல். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்தபோது, உடுப்புப் பையைக் குறைத்து அந்தத் தாள்களைத்தான் அவள் சுமந்துகொண்டு நடந்தாள்.