ஐம்பது செக்கன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பொறுமையாக நின்று பார்க்கும் உத்தியோகம் கிடைத்ததை வீட்டில் யாரும் நம்பவில்லை. கெலிஓயாவில் பாடசாலைச் சீருடை தைக்கும் சின்ன கார்மென்ட் ஒன்று. அங்கே நான் நேரம் அளப்பவள். கழுத்தில் ஸ்டொப்வொட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, தைப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு கொலர் வைக்க எத்தனை செக்கன், ஒரு கை பூட்ட எத்தனை செக்கன் என்று எழுத வேண்டும். அதைக் கூட்டி வகுத்துத்தான் மணிக்கு இத்தனை சட்டை என்ற டார்கட் வரும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு லைனையாவது, அதாவது ஒரே சட்டையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் ஒரு வரிசை மெஷின்களையாவது, உருப்படியாக அளந்து காட்டினால்தான் நிரந்தரம்.

டிப்ளோமா வகுப்பில் ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வொட்ச்சைக் கண்டால் கைகள் மெதுவாகும். காட்டுகிற வேகம்தான் நாளைக்கு டார்கட் ஆகும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அளப்பவள் கண்ணால் வேகத்தை எடைபோட்டு, தாளில் அதற்கென்று இருக்கும் நிரலில் ஒரு எண் போட வேண்டும். சாதாரண வேகம் என்றால் நூறு. இழுத்தடித்தால் நூறுக்குக் குறைவு, பறந்தால் நூறுக்கு மேல். அந்த எண்ணை வைத்துத்தான் அளந்த நேரத்தைச் சாதாரண வேகத்துக்குத் திருத்துவார்கள். நான் என்னவோ கள்வனைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி விறைப்பாகப் போனேன்.

லைனில் கொலர் வைப்பவர் மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா. காலையில் ஒன்றாக டவுனுக்கு இறங்கி கம்பளை பஸ் பிடிப்போம். முண்டியடித்து முதலில் ஏறுபவர் அவர். பக்கத்து சீட்டில் குடையை வைத்து, “ஆள் வருது, ஆள் வருது” என்று அவர் போடும் சத்தத்தில் கொண்டக்டரே ஒதுங்கிப் போவார். பஸ்ஸில் நான் அவருக்குப் புள்ள. கேட்டைத் தாண்டினால் மிஸ். அந்த மரியாதையை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை, எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

சட்டையில் கஷ்டமான இடம் கொலர். மூலையைத் திருப்பி, குத்தி நிமிர்த்தி, கழுத்தில் வைத்துத் தைக்க வேண்டும். லைனில் எல்லாரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். அக்காவின் பின்னால் நின்று பத்து கொலர் அளந்தேன். கை பறந்தது. சராசரி ஐம்பது செக்கன். அடுத்தவரிடம் போனேன், அவரும் அப்படித்தான். ஒருவரும் இழுத்தடிக்கவில்லை. கள்வன் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? மெதுவாகிறார்களா என்று மட்டும் பார்க்கத் தெரிந்த நான், எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நூறு போட்டேன். ஓய்வு, களைப்பு என்று கொஞ்சம் கழித்து, மணிக்கு அறுபது சட்டை என்று தாளைக் கொடுத்தேன்.

மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். லேசில் யாரையும் மெச்சாத மனிதர். தாளைப் பார்த்து, “ஓம், வடிவாச் செய்திருக்கிறீர், பிள்ளை” என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் அதே எண்ணை நம்பி ஓடர் முடியும் திகதியை மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். லைனுக்கு மேலே பலகையில் அறுபது என்று எழுதி, மணிக்கு மணி வந்த சட்டைகளைக் குறித்தார்கள். அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது. நான் அந்தப் பலகையைப் படம்பிடித்துக்கூட வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பேராதனை நெரிசலில் நிற்கும்போது அக்கா தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். காலையில் நிரப்பியது நிரப்பியபடி இருந்தது. மூச்சுவிடாமல் முழுப் போத்தலையும் குடித்தார்.

“என்ன அக்கா, ஒட்டகமா நீங்க?” என்று சிரித்தேன்.

“உள்ள குடிச்சா பாத்ரூம் போகணும்ல. போயிட்டு வந்தா நாலு கொலர் போயிரும். அதான் வெளிய வந்து குடிக்கிறது.” பிறகு குரலைத் தாழ்த்தி, போன கிழமையிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்ப அன்னைக்கு எதுக்கு அப்படிப் பறந்து தைச்சீங்க? மெதுவா தைக்க வேண்டியதுதானே? ஊர் ஒலகமே வொட்ச்சைப் பாத்தா மெதுவாத்தான் தைக்கும்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா பதறவில்லை. “ஒனக்கு மொத பரீட்சை. நம்ம லைன்ல வந்து கொறஞ்ச மார்க்ஸ் வாங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? டீ குடிக்கிறப்ப எல்லாரும் பேசித்தான் செஞ்சோம். நம்ம புள்ள பாஸாகணும்னு.”

நான் எழுதியது எனக்குப் போடும் மார்க்ஸ் என்று இருபது பெண்கள் நினைத்திருக்கிறார்கள். எண் கூடினால் நான் கெட்டிக்காரி. என்னை நிரந்தரமாக்க இவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள்மேல் பொங்கிய பாசத்தை என்ன செய்வதென்று தெரியாமல், “போங்க அக்கா, லூசு மாதிரி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை மேனேஜரின் மேசைக்கு முன்னால் நின்றேன். என் அளவு பிழை என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் தாளை எடுத்து அந்த நிரலில் விரலை வைத்தார். மேலிருந்து கீழ்வரை நூறு, நூறு, நூறு.

“இதைப் பாக்கேக்கை எனக்கே விளங்கியிருக்க வேணும்,” என்றார். “நான் மேல சொன்ன திகதிக்கு இப்ப நான்தான் மாட்டுப்படப் போறன். உம்மட நிரந்தரத்துக்கு இப்ப நான் கையெழுத்து வைக்கேலாது. இன்னும் மூண்டு மாதம் பாப்பம். முதல்ல போய்ப் பலகையை அழியும்.”

அழித்தேன். டீ நேரத்தில் லைனில் எல்லாரையும் கூப்பிட்டு, இது எனக்குப் போடுகிற மார்க்ஸ் இல்லை, உங்கள் நாளைத்தான் அளக்கிறேன் என்று சொன்னேன். என் நிரந்தரம் தள்ளிப் போனதை எப்படியோ அவர்கள் அறிந்திருந்தார்கள். அக்காவுக்கு என்மேல் அப்படியொரு கோபம். மறுநாள் மருந்தெடுக்க லீவு போட்டுவிட்டு அதற்கடுத்த நாள் வந்தவர், பஸ்ஸில் எனக்குச் சீட் பிடித்தார், ஆனால் பேசவில்லை. பாஸான பிள்ளை தானே போய் ஃபெயிலாகி வந்ததைப் போல முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அந்த வாரம் லைனை அளக்காமல் வெறுமனே பார்த்தேன். பொத்தான் துளை போடுபவர் முக்கால்வாசி நேரம் சட்டை வருமட்டும் கைகட்டி இருந்தார். கொலர் மூலை திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்து, அவரின் மேசையை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். பிறகுதான் மறுபடி வொட்ச்சை எடுத்தேன்.

மேனேஜரும் வந்து லைனின் முனையில் நின்றார். அக்கா தன் பாட்டில் தைத்தார். வேகமும் இல்லை, மந்தமும் இல்லை. எட்டாவது கொலரை முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். யாரிடமும் கேட்கவில்லை, பாத்ரூம் பக்கமாக நிதானமாக நடந்து போனார். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் என் கையில் ஓடிக்கொண்டிருந்த வொட்ச்சையே பார்த்தார்கள்.

“நிப்பாட்டேல்லையோ?” என்றார் மேனேஜர்.

“இல்ல சேர். அவங்க இன்னும் வேலையிலதான் இருக்காங்க.”

அவர் என்னையும் வொட்ச்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ஓம், ஓடட்டும்” என்றார்.

நாலு நிமிடம் கழித்து, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே அக்கா வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“எழுதிட்டீங்களா மிஸ்?”

“எழுதிட்டேன் அக்கா.”

“முழுசா எழுதுங்க,” என்று சொல்லி ஒன்பதாவது கொலரைக் கையில் எடுத்தார்.