அக்காவுக்காக விட்ட மூலை

எல்லை ஊரான குக்குத்தாவில், பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததிலிருந்து யோர்ஹெலிஸ் காப்பி விற்கிறாள். வயது இருபது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளும் அக்கா நொரெய்திஸும் எல்லைக்கு அப்பாலுள்ள சொந்த ஊர் மரக்காய்போவிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். இங்கே வந்ததும் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. தெற்கே நடக்கிற கூட்டத்தோடு அக்கா மட்டும் முன்னால் போனாள். "லிமா போய்ச் சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கிறேன்டி" என்று சொல்லிப் போனவளிடமிருந்து வழியில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. அப்புறம் அந்த எண் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

சனிக்கிழமைகளில் மாதா கோவில் கூடத்தில் ஃபபியான் நீளமான துணியை விரிப்பான். உள்ளூர்க்காரன், ஓவியம் படிக்கிறவன், அவள் வயதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளும் எல்லை தாண்டி வந்தவர்களும் அதில் ஆளுக்கொரு படத்தைப் பாதி மட்டும் தைப்பார்கள். துணி வேறொரு நாட்டுக்குப் போகும். அங்கே முகம் தெரியாத ஒருவர் மீதியைத் தைத்துத் திருப்பி அனுப்புவார். பெயரோ ஊரோ எழுதக்கூடாது. யார் யாருக்குப் பயந்து ஓடி வந்தார்களோ, யார் கண்டது?

துணி லிமாவுக்குப் போகிறது என்று கேட்டதும் யோர்ஹெலிஸ் ஊசியை எடுத்தாள். டிசம்பரில் வீடு வீடாகக் கட்டுகிற அயாக்கா ஒன்றைப் பாதி தைத்தாள். சோளமாவும் கறியும் வைத்துக் கட்டிய சதுரமான வாழையிலைப் பொட்டலம், குறுக்கும் நெடுக்குமாக நூல்.

"திங்கிறதைத் தவிர உங்க ஊரு ஆளுங்களுக்கு வேற நினைப்பே வராதா?" என்றான் ஃபபியான்.

"வெறும் அரேபா ரொட்டியைத் தின்னு வளர்ந்தவன் நீ. உனக்கு என்னடா தெரியும்?"

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. நொரெய்திஸுக்கு உலர்திராட்சை ஆகாது. அது போடாத பொட்டலங்களுக்கு மட்டும் அம்மா மூலையில் இரட்டை முடிச்சுப் போடுவாள். அந்த மூலையைத்தான் யோர்ஹெலிஸ் வெறுமையாக விட்டிருந்தாள். அங்கே இரட்டை முடிச்சு வர வேண்டும் என்று லிமாவில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான்கு மாதம் கழித்துத் துணி திரும்பியது. அவள் தைத்த பாதி அப்படியே சதுரமாக இருந்தது. மறுபாதியோ உருண்டு திரண்டு, உச்சியில் வாய் கட்டிய மூட்டையாக முடிந்திருந்தது.

கூட வந்த கடிதத்தைப் படித்து ஃபபியான் விழுந்து விழுந்து சிரித்தான். "லிமாப் பையன் ஒருத்தன் தைச்சிருக்கான். அவங்க அம்மாவுக்குச் சொந்த ஊரு காட்டுப் பக்கமாம். அங்க சோத்தை இலையில வச்சு இப்படித்தான் கட்டுவாங்களாம். இது அதுதான்னு நினைச்சுட்டான்!"

"பிளேடு இருக்கா?" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"பிரிக்கப் போறேன்."

"அடுத்தவங்க தையல்ல நாம கை வைக்கக்கூடாது யோர்."

"அந்த இடம் அவனுக்கு விட்டது இல்லடா!"

"பின்ன யாருக்கு?"

அப்போதுதான் அவள் சொன்னாள். திராட்சையைச் சொன்னாள், முடிச்சைச் சொன்னாள், அக்காவைச் சொன்னாள். ஃபபியானின் சிரிப்பு போய்விட்டது. பிளேடை எடுத்துக் கொடுத்தான்.

பிரிப்பதற்காக அவள் துணியைப் புரட்டினாள். பின்பக்கம் முழுக்க ஊசித் துளைகள். தன் கோடு அவளுடைய கோட்டோடு சேரவில்லை என்று அந்தப் பையன் தைத்துத் தைத்து மூன்று முறையாவது பிரித்திருக்கிறான். ஓரிடத்தில் பொட்டாக ரத்தம் காய்ந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பிளேடைக் கீழே வைத்தாள்.

"அடுத்த துணி எங்க போகுது?"

"சிலிக்கு. சான்டியாகோ."

"அங்கயும் எங்க ஊரு ஆளுங்க போயிருக்காங்கல்ல?"

"நிறையப் பேரு."

அவள் பச்சை நூலைத் தேடி எடுத்தாள்.

"இந்தத் தடவையும் அந்த மூலையை விட்டுட்டா தைக்கப் போற?" என்றான் ஃபபியான்.

"ஆமா."

"அங்கயும் ஒருத்தன் மூட்டை கட்டி அனுப்பிட்டான்னா?"

"கட்டட்டும்." நூல் முனையை நாக்கில் நனைத்து ஊசிக் காதைக் குறிபார்த்தாள். "அதுக்கடுத்தது எந்த ஊருன்னு மட்டும் இப்பவே சொல்லி வை."