எந்தக் கோடு நீளம்?

எங்கள் அச்சகத்தில் கணக்குப் பாடப் புத்தகங்களைக் கணினியில் கம்போஸ் செய்வது என் அண்ணிதான். அவர் சொல்லித்தான் பக்கத்து மேசையில் அட்டை வடிவமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அண்ணனுக்கு முதுகு போன பிறகு வீடு அண்ணியின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அண்ணனின் ஜம்பத்துக்கு மட்டும் குறைவில்லை.

கணக்கு என்றாலே மற்றவர்கள் தெறித்து ஓடுவார்கள். அதிலும் பின்னத்துக்குள் பின்னம் வந்தால் கேட்கவே வேண்டாம். மேலே x, நடுவில் 2, அடியில் 3, இடையே இரண்டு கோடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கோடு நீளமென்றால் x-ஐ மூன்றில் இரண்டால் வகுக்க வேண்டும். கீழ்க்கோடு நீளமென்றால் x-இல் பாதியை மூன்றால் வகுக்க வேண்டும். ஆசிரியர்கள் கையால் எழுதித் தருவதை அண்ணி பார்த்த மாத்திரத்தில் அடித்துத் தள்ளுவார்.

போன வருடம் திடீரென்று வீட்டில் அல்ஜீப்ரா புத்தகமும் கையுமாக உட்கார ஆரம்பித்தார். கீழே உள்ள பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது, பொதுவானதை அடிப்பது என்று தாள் தாளாகப் போட்டார்.

"என்ன, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியா?" என்று அண்ணன் கிண்டலடித்தார்.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அண்ணி என்னிடம் மட்டும் சொன்னார். "நடுப்பார்வை போயிட்டே இருக்கு. கண்ணாடி போட்டாலும் சரியாகாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். எழுத்து எப்படியோ தெரியுது. கோடு எங்க முடியுதுன்னுதான் தெரியல."

"அப்புறம் எப்படி அண்ணி வேலை பாக்கறீங்க?"

"ரெண்டு விதமாவும் சுருக்கிப் பாப்பேன். புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கற விடையோட எது ஒத்துப்போகுதோ, அந்தக் கோட்டை நீளமா போட்டுடுவேன். முதலாளிகிட்ட மூச்சு விட்டுடாத."

அன்றிலிருந்து கணக்கு வேலை வரும்போதெல்லாம் என் கண் அவர் மேசையிலேயே இருந்தது.

நேற்று ஒரு பள்ளியின் வினாத்தாள் வந்தது. வினாத்தாளில் விடை ஏது? முதல் கணக்கே அந்த x, 2, 3. அண்ணி தாளை மூக்கருகே வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, ஒரு கணக்குக்கு இவ்ளோ நேரமா?"

ஏதோ ஒன்றைப் போட்டுத் தள்ளியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணி தாளை என் பக்கம் நீட்டினார்.

"இதுல எந்தக் கோடு நீளம்?"

மேல்கோடு. முதலாளி நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது.

"இதுகூடவா தெரியல?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மேல்கோடுன்னா மூணு x, கீழ ரெண்டு. கீழ்க்கோடுன்னா x, கீழ ஆறு. ரெண்டு விடையும் தெரியும் சார். கேள்விதான் கண்ணுக்குத் தெரியல."

முதலாளி தாளை வாங்கி என் மேசையில் வைத்தார். "இனிமே கணக்கை நீ பாரும்மா."

எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. ஆனால் கோடு தெரிகிறது, அது போதுமாம். நான் வாயெடுப்பதற்குள் அண்ணி எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.